அசல் எது, வட்டி எது?

ஒரு பழைய ரேஸ் காரை ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வதுதானே, காசா பணமா? 1990-ம் வருடத்து மாற்று விகிதத்தில் அது கிட்டத்தட்ட முப்பது கோடி ரூபாய். ஒப்பந்தம் முடிந்து கை குலுக்கியாகிவிட்டது. அப்போது விவரம் தெரிந்த ஒருத்தர் உங்களை ஓரமாகக் கூப்பிடுகிறார். ‘எல்லாம் சரி சார்... ஆனா நீங்க வாங்கற காருக்குள்ள அந்தக் கார் கொஞ்சம்தான் இருக்கு’ என்கிறார்.

என்ன செய்வீர்கள்?

நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வதைத்தான் அந்த வருடம் ஒரு நிறுவனமும் செய்தது. ‘இது அந்தக் காரே கிடையாது. பணம் தர மாட்டோம்’ என்றது. விற்றவர் சும்மா விடுவாரா? லண்டன் ஹைகோர்ட்டுக்குப் போனார். கிரேக்கத் தத்துவஞானிகள் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்த ஒரு கேள்விக்கு, ஜஸ்டிஸ் ஆட்டன் என்ற நீதிபதி தீர்ப்பு எழுத வேண்டியதாயிற்று. எல்லாப் பாகமும் மாறிய பிறகும் ஒரு பொருள் அதே பொருள்தானா?

காரின் ஜாதகத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

பெயர், ஓல்டு நம்பர் ஒன். இனம், பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். ஆறு சிலிண்டர், ஆறரை லிட்டர் எஞ்சின். லாரி மாதிரி உடம்பு, குதிரை மாதிரி ஓட்டம். 1929-ல் பிரான்ஸில் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இந்தக் கார்தான் முதலில் வந்தது. ஓட்டியவர்கள் வுல்ஃப் பர்னாட்டோ, டிம் பிர்கின். அந்த வருடம் முதல் நாலு இடங்களையும் பென்ட்லிகளே பிடித்தன. அடுத்த வருடம், 1930-லும் இதே காருக்குத்தான் வெற்றி. இந்தத் தடவை பர்னாட்டோவுடன் ஓட்டியவர் க்ளென் கிட்ஸ்டன்.

பர்னாட்டோ பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக மனசு வரவில்லை. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் சம்பாதித்த அப்பாவின் பிள்ளை. நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த பென்ட்லி கம்பெனியில் பணத்தைக் கொட்டி சேர்மன் ஆனவர். பொதுவாக சேர்மன்கள் ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்து பேலன்ஸ் ஷீட் பார்ப்பார்கள். இவர் தன் கம்பெனி காரைத் தானே ரேஸில் ஓட்டினார். லு மானில் மூன்றே தடவை கலந்துகொண்டார். மூன்று தடவையும் ஜெயித்தார்.

ஆனாலும் 1931-ல் கம்பெனி திவால். ரேஸில் ஜெயிப்பதும் கடனை அடைப்பதும் வேறு வேறு கலை போலிருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் அதை வாங்கிக்கொண்டது.

கம்பெனி போனாலும் கார் ஓடிக்கொண்டிருந்தது. 1931-ல் இங்கிலாந்தின் ப்ரூக்லாண்ட்ஸ் மைதானத்தில் 500 மைல் பந்தயம். ஜாக் டன்ஃபீ என்பவர் இன்னொரு டிரைவருடன் சேர்ந்து இதே காரில் ஜெயித்தார். அடுத்த வருடப் பந்தயத்துக்கு இன்னும் வேகம் வேண்டும் என்று எட்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். ஓட்டியவர்களில் ஒருவர் ஜாக்கின் சொந்தத் தம்பி, க்ளைவ் டன்ஃபீ. ப்ரூக்லாண்ட்ஸின் வளைவுகள் கிண்ணத்தின் உட்புறம் மாதிரி சரிந்து உயர்ந்திருக்கும். முன்னால் போன காரை முந்துவதற்காக க்ளைவ் மேல் விளிம்புப் பக்கம் ஏறினார். சக்கரம் விளிம்பைத் தாண்டியது. கார் அந்தப் பக்கம் போய் விழுந்தது. க்ளைவ் இறந்துபோனார்.

நொறுங்கிய காரை பர்னாட்டோ மறுபடி கட்டினார். இந்த முறை ரேஸ் கார் வேண்டாம் என்று, கூரை போட்ட கூபே உடம்பு. பல வருடங்களுக்குப் பிறகு, கை மாறிக் கை மாறி, அது மீண்டும் பழைய ரேஸ் தோற்றத்துக்கு வந்தது. அதைத்தான் 1990-ல் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசினார்கள்.

இப்போது சொல்லுங்கள். எஞ்சின் மாறிவிட்டது. உடம்பு மாறிவிட்டது. ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் பின்னாலும் என்னென்னவோ மாறியிருக்கிறது. அப்புறம் எது ஓல்டு நம்பர் ஒன்?

*

வழக்கு நடந்தபோது காரை நட்டு நட்டாக ஆராய்ந்தார்கள். 1930-ல் ஜெயித்த காரிலிருந்து மிஞ்சியிருப்பவை என்று நீதிபதி நம்பியது மூன்றே மூன்று. பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் வெளிக்கூடு, ஸ்டீயரிங் தண்டு. அவ்வளவுதான்! காயலான் கடையில் தராசில் போட்டால் ஒரு ஆள் தூக்கிவிடுகிற எடை.

வாங்க மறுத்தவர்கள் முகத்தில் அப்போது நிச்சயம் ஒரு வெளிச்சம் வந்திருக்கும். ஆனால், தீர்ப்பு விற்றவர் பக்கம்.

நீதிபதி ஒரு நுணுக்கமான கோடு போட்டார். இந்தக் காரை ‘ஒரிஜினல்’ என்று சொல்ல முடியாது, தொழிற்சாலையிலிருந்து வந்த பாகங்கள் அப்படியே இல்லை. ஆனால் ‘அதென்டிக்’ என்று சொல்லலாம் என்றார். காரணம்? எல்லாப் பாகமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நான்கு சீசன் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு காருக்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து அதோடு ஐக்கியமாகிவிட்டன. எந்தக் கட்டத்திலும் ‘இதோ, பழைய கார் முடிந்தது, புதுக் கார் ஆரம்பித்தது’ என்று கை காட்ட முடியாது. தவிர, ‘நான்தான் ஓல்டு நம்பர் ஒன்’ என்று உரிமை கோர உலகத்தில் வேறு பென்ட்லியும் இல்லை. விற்பனைக்கு வந்தது இரும்பு மட்டுமா? அதன் சரித்திரமும் பேரும் சேர்த்துத்தான். ஆகவே ஒப்பந்தம் செல்லும்.

தமிழில் இந்த இடம் இன்னும் சுவாரஸ்யம். ஒரிஜினல் என்பதற்கு நாம் சொல்லும் வார்த்தை ‘அசல்’. கடனில் முதலுக்கும் நமக்கு அதே வார்த்தைதான். காமர்ஸ் படித்தவனுக்கு இது கண்ணில் படாமல் போகுமா? அசல் பூராவும் கரைந்துவிட்டது, அது ஈட்டிய வட்டி மட்டும் இருக்கிறது. அந்த வட்டியை அசல் என்று நம்பி ஒருவர் முப்பது கோடி தருகிறார். கணக்கில் இது நியாயமா?

நியாயம்தான் என்கிறது, அதே காமர்ஸ் வகுப்பில் சொல்லித்தரும் இன்னொரு பாடம். கம்பெனி சட்டத்தின் முதல் அத்தியாயத்திலேயே பெர்பெச்சுவல் சக்ஸஷன் என்று ஒன்று வரும். பங்குதாரர்கள் சாவார்கள், டைரக்டர்கள் ராஜினாமா செய்வார்கள், ஆபீஸ் இடம் மாறும். கம்பெனி மட்டும் அதே கம்பெனி. ஆரம்பித்த நாளில் இருந்த ஒரு ஆள்கூட இன்று இல்லாவிட்டாலும் அது வாங்கிய கடன் அதனுடைய கடன்தான். ‘அன்னிக்கு கையெழுத்துப் போட்டவங்க யாருமே இப்ப இல்லீங்களே’ என்று பேங்க் மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள். காபிகூடத் தராமல் அனுப்பிவைப்பார்.

பென்ட்லியையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1919-ல் டபிள்யூ.ஓ. பென்ட்லி ஆரம்பித்தார். 1931-ல் ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. 1998-ல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வாங்கியது. முதலாளி, தொழிற்சாலை, தொழிலாளி, எஞ்சின் எல்லாமே மாறியாயிற்று. 2003-ல் பென்ட்லி மறுபடி லு மானில் ஜெயித்தபோது, 1924-லிருந்து கணக்குப் போட்டு ‘ஆறாவது வெற்றி’ என்றார்கள். இது அதே பென்ட்லிதானா என்று யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. கம்பெனிக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

*

கிரேக்கர்களின் கேள்வி என்று சொன்னேனே, அது இதுதான். தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் ஜனங்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். பலகை உளுத்துப்போனால் புதுப் பலகை. காலப்போக்கில் எல்லாப் பலகையும் புதுசு. அது தீசியஸின் கப்பல்தானா? ப்ளூடார்க் எழுதி வைத்திருக்கிறார்.

பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் இதில் ஒரு விஷமமான திருப்பத்தைச் சேர்த்தார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருத்தன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால்? இப்போது கப்பல் ரெண்டு. எது தீசியஸுடையது?

ஹாப்ஸ் சொன்னது கற்பனை. பழைய ரேஸ் கார் உலகத்தில் அது தினசரி தலைவலி. விபத்தில் வளைந்துபோன சேஸியை ஒரு மூலையில் போடுகிறார்கள். எஞ்சினை வேறு காரில் வைக்கிறார்கள். நாற்பது வருடம் கழித்து ஒருத்தர் அந்தச் சேஸியைத் தேடி எடுத்து அதைச் சுற்றி ஒரு கார் கட்டுகிறார். இன்னொருத்தர் எஞ்சினை வைத்துக்கொண்டு கட்டுகிறார். இரண்டுக்கும் ஒரே சேஸி நம்பர்! ஆளுக்கு ஒரு ஃபைல், ஆளுக்கு ஒரு வக்கீல். ஓல்டு நம்பர் ஒன்னுக்கு இந்தப் போட்டி இல்லாமல் போனது விற்றவரின் அதிர்ஷ்டம்.

ஆக, ஒரு கார் ‘அதே கார்’ என்பதற்கு ஆதாரம் எவ்வளவு பழைய இரும்பு இருக்கிறது என்ற சதவிகிதத்தில் கிடைப்பதில்லை. அதன் கதையில் அறுபடாத ஒரு இழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீதிபதி சொன்னதும் அதுதான். என் ஓட்டும் அவருக்கே.

ஆனால் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. காரைப் பழையபடி ஆக்க வேண்டும் என்கிறோமே, எந்தப் பழையபடி?

*

ஒரு பழைய ரேஸ் காரை, அது ஓடிய காலத்துப் பந்தய வடிவத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. முதலில் ஆராய்ச்சி. தொழிற்சாலையின் சேஸிப் பதிவுகள், சர்வீஸ் ரெக்கார்டு, பந்தயத்தன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள். போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்து, பானட்டின் மேல் தோல் பட்டை எந்த இடத்தில் ஓடுகிறது, விளக்குக்கு முன்னால் கல் தடுக்கும் கம்பி வலை எத்தனை பெரிது, பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்றெல்லாம் குறித்துக்கொள்வார்கள். பிறகு கைவேலை. அந்தக் காலத்து லு மான் பென்ட்லிகளுக்கு மரச்சட்டம் அடித்து அதன்மேல் துணி போர்த்திய உடம்பு. அதற்குத் தச்சர் வேண்டும். பின்னால் வந்த கார்களுக்கு அலுமினியத் தகடு. அதைச் சின்ன உருளைகளுக்கு நடுவே விட்டு முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி வளைவு கொண்டுவர வேண்டும். விரல் நுனியில் கண் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

பழைய கார்களை வைத்து இன்றும் நிஜமான பந்தயங்கள் நடக்கின்றன. இங்கிலாந்தில் 1998-லிருந்து குட்வுட் ரிவைவல், பிரான்ஸில் 2002-லிருந்து லு மான் கிளாசிக். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. இதற்கென்று ஒரு விதிப்புத்தகமே வைத்திருக்கிறது. ‘காலத்துக்குரிய வடிவம்’ என்றால் என்ன என்று அதில் இலக்கணம் இருக்கிறது. அந்த மாடல், அந்தக் காலத்தில், இப்படி இருந்தது என்று நிரூபிக்கப்பட்ட வடிவம். ‘இருந்திருக்கலாம்’, ‘எங்க தாத்தா சொல்லுவார்’ எல்லாம் செல்லாது. நிரூபித்தால் காருக்கு ஒரு பாஸ்போர்ட் தருவார்கள். நம் பாஸ்போர்ட் நாம் யார் என்று சொல்லும். அந்தப் பாஸ்போர்ட்டோ காரின் வடிவத்துக்கு மட்டும்தான் சாட்சி. அதன் பூர்வீகத்துக்கு உத்தரவாதம் தராது. நேர்மையான ஏற்பாடு என்று தோன்றுகிறது எனக்கு.

இந்தப் பந்தயங்களில் ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். கார் 1929. டிரைவர் தலையில் இருக்கும் ஹெல்மெட் மட்டும் இந்தக் காலத்துத் தரச் சான்று பெற்றது. 1929-ல் துணித் தொப்பியோ தோல் தொப்பியோ மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். காரின் வயதையும் பந்தயத்தையும் பொறுத்து சீட் பெல்ட், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளையம், தீயணைப்பான் எல்லாம் கேட்பார்கள். நட்டு போல்ட்டில்கூட சரித்திரம் பிசகக் கூடாது என்று நிற்கும் ஆசாமிகள் இதற்கு மட்டும் மூச்சு விடுவதில்லை. ஏனென்றால் அந்தக் காலம் முழுசாகத் திரும்பி வர வேண்டும் என்று யாருக்குமே ஆசை கிடையாது. அதன் சத்தம் வேண்டும், எண்ணெய் வாசனை வேண்டும், கோப்பை வேண்டும். மரணம் வேண்டாம்.

தப்பில்லை. யாரும் சாக வேண்டியதில்லை. ஆனால் ‘நாங்கள் கடந்த காலத்தை உள்ளபடியே மீட்டுவிட்டோம்’ என்று சொல்லும்போது, அதில் ஒரு பகுதியைத் தெரிந்தே கழித்துவிட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் இல்லையா?

*

மீட்கவே கூடாது என்று சொல்கிற கட்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் ஃப்ரெட் சிமியோன் என்று ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர் இருந்தார். 2022-ல் காலமாகிவிட்டார். பழைய ரேஸ் கார்களைச் சேர்த்து 2008-ல் ஒரு மியூசியம் திறந்தார். அவருடைய வாதம் சுருக்கமானது. ஒரு பொருள் ஒரே ஒரு தடவைதான் அசலாக இருக்க முடியும். பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டால் உலகத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தப் பெயிண்ட் திரும்பக் கிடைக்காது.

அவரிடம் இருந்த கார்களில் ஒன்று ஷெல்பி டேடோனா கூபே. 1964-ல் கலிஃபோர்னியாவில் செய்தது. மொத்தமே ஆறு கார்கள். அதில் இதுதான் முதல். 1964-ல் டேடோனா பந்தயத்தில் பெட்ரோல் போட நின்றபோது தீப்பிடித்துக்கொண்டது. அடுத்த மாதமே சீப்ரிங்கில் அதன் பிரிவில் முதலாக வந்தது. 1965 கடைசியில் பானவில் உப்புப் பாலைவனத்தில் வேக சாதனைகள். அப்புறம் கை மாறி, ஒரு இருட்டு அறையில் முப்பது வருடம் போல முடங்கிக் கிடந்தது. வெளியே வந்தபோது யாராக இருந்தாலும் முதலில் ஒரு நல்ல பெயிண்டரைத் தேடியிருப்பார்கள். சிமியோன் தேடவில்லை. கீறலும் உதிர்ந்த வண்ணமுமாக அப்படியே வைத்தார். 2014-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதலாவதாக இடம் பிடித்தது அந்தக் கார்தான்.

டாக்டர் அல்லவா, கத்தியை எப்போது எடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது.

அவர் சொல்வதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. மீட்கப்பட்ட பல ரேஸ் கார்கள், ரேஸ் ஓடிய காலத்தில் இருந்ததைவிட அழகாக இருக்கின்றன. நிஜத்தில் அவை ராத்திரியோடு ராத்திரியாக, தூக்கம் கெட்ட மெக்கானிக்குகள் முடுக்கியவை. பெயிண்ட் வழிந்திருக்கும். ஆணிகள் கோணலாக இருக்கும். நம்பரை அவசரத்தில் பிரஷ்ஷால் எழுதியிருப்பார்கள். இன்று அதே கார் கல்யாணப் பெண் மாதிரி மினுமினுக்கிறது. அந்த மெக்கானிக்கின் அவசரமும் களைப்பும் இருந்த இடம் தெரியாமல் மெருகேற்றிவிட்டார்கள்.

சரி, அப்படியானால் எதையும் தொடாமல் விட்டுவிடலாமா? முடியாது. டேடோனா கூபே முழுசாகக் கிடைத்தது, அதனால் விட்டுவைக்க முடிந்தது. துருப்பிடித்த சேஸியும் அரை எஞ்சினுமாகக் கிடைக்கிற காரைத் தொடாமல் விட்டால் அது குப்பையாகத்தான் போகும். ஓடப் பிறந்த ஒரு யந்திரத்தை ஓடவே விடாமல் வைப்பதும் ஒரு வகையில் அதை மறப்பதுதான். சிமியோன் மியூசியமும் தன் கார்களை அவ்வப்போது வெளியே எடுத்து ஓட்டிக் காட்டுகிறது.

இன்னொரு கோடியில், கம்பெனிகளே களத்தில் இறங்கிவிட்டன. ஜாகுவார் 1963-ல் இலேசான எடை கொண்ட ஈ-டைப் ரேஸ் கார்களைச் செய்தது. பதினெட்டு சேஸி நம்பர்கள் ஒதுக்கியிருந்தார்கள். பன்னிரண்டுதான் செய்தார்கள். 2014-ல் மிச்சம் ஆறையும் செய்து விற்றார்கள், அரை நூற்றாண்டு தாமதமாக! பென்ட்லியும் 2022-ல் பன்னிரண்டு ஸ்பீட் சிக்ஸ் கார்களைப் புதிதாகச் செய்யப்போவதாக அறிவித்தது. ஒரு திருகாணிகூடப் பழசு இல்லை. ஆனால் அதை மறைக்கவும் இல்லை. ‘இது தொடர்ச்சி, இப்போது செய்தது’ என்று சொல்லியே விற்கிறார்கள். பழைய இரும்பு கொஞ்சம் வைத்துக்கொண்டு பொய் நம்பர் அடித்து விற்கிறவனைவிட, முழுக்கப் புது இரும்பு வைத்துக்கொண்டு உண்மை சொல்கிறவன் எவ்வளவோ மேல்.

*

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். எந்தப் பழையபடி?

ஓல்டு நம்பர் ஒன் உங்கள் கையில் கூபே உடம்போடு இருக்கிறது. ரேஸ் வடிவத்துக்குத் திருப்ப வேண்டும். பெயிண்ட் அடிக்கிறவர் டப்பாவோடு வந்து நிற்கிறார். ‘சார், என்ன நம்பர் எழுதட்டும்?’

1929-ல் லு மானில் ஜெயித்தபோது காரின் நம்பர் ஒன்று. 1930-ல் ஜெயித்தபோது நான்கு. நான்கு என்று எழுதினால் பெயரே பொய்யாகத் தெரியும். ஒன்று என்று எழுதினால் கிட்ஸ்டன் காணாமல் போவார். பாவம், அவரும் மறு வருடமே விமான விபத்தில் இறந்துபோனவர். பிர்கின் 1933-ல் இறந்தார். இரண்டு லு மான் வெற்றிகளில் ஓட்டிய மூவரில் நாற்பது வயதைப் பார்த்தவர் பர்னாட்டோ ஒருவர்தான்.

ஒன்றோ நான்கோ, எதை எழுதினாலும் நிச்சயமாகக் காணாமல் போகிறவர் ஒருவர் இருக்கிறார். க்ளைவ் டன்ஃபீ. 1932-ம் வருடத்துக் காரை மீட்டுக் கொண்டாட யாருக்கும் தோன்றாது. அது ஜெயிக்கவில்லை. லு மான் நாளுக்குத் திரும்ப வேண்டுமானால், அவர் கடைசியாகக் காலால் அழுத்திய அந்த எட்டு லிட்டர் எஞ்சினுக்குக் காரில் இடம் இருக்காது. ஒவ்வொரு பாகத்தையும் சரித்திரப்படி சரியாகச் செய்து, பாஸ்போர்ட்டும் வாங்கி, ஒரு மனிதனின் சாவை அந்தக் காரிலிருந்து சுத்தமாகத் துடைத்துவிட முடியும். அதில் ஒரு பொய்கூட இருக்காது.

எனக்கு நெருடுவது இந்த இடம்தான். போலியைக் கண்டுபிடிக்க நிபுணர்கள் இருக்கிறார்கள், கோர்ட் இருக்கிறது. நல்ல நாளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்வதைக் கேட்க எந்தக் கோர்ட்டும் இல்லை. அது சொந்தக்காரரின் மனசாட்சிக்கு விட்ட விஷயம்.

வழி இல்லாமல் இல்லை. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. மாற்றிய பாகங்களில் அழியாத, பார்த்ததும் தெரிகிற அடையாளம் இட வேண்டும் என்கிறது. என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும் என்கிறது. கேட்டால் சின்ன விஷயம். யோசித்துப் பாருங்கள், வேலைத் திறமையின் உச்சமே புதுசு எது பழசு எது என்று தெரியாமல் செய்வதுதான் என்று நினைத்திருந்த உலகத்தில், ‘தெரியும்படி செய்’ என்பது எவ்வளவு பெரிய புரட்சி!

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பழகிய நியாயம். லெட்ஜரில் தப்பாக விழுந்த எண்ணைச் சுரண்டி அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய எண்ணும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருப்பதால் ஒரு லெட்ஜர் கெட்டுப்போவதில்லை. சுரண்டிய இடம்தான் ஆடிட்டரின் சந்தேகத்தைக் கிளப்பும்.

ஆகவே, காரை லு மான் நாளுக்கே திருப்புங்கள், தப்பில்லை. ஓட வேண்டும், சத்தம் கேட்க வேண்டும், சின்னப் பையன்கள் வேலியில் தொங்கிக்கொண்டு வாய் பிளந்து பார்க்க வேண்டும். ஆனால் கழற்றிய எஞ்சினைக் காரின் பக்கத்திலேயே வையுங்கள். கூபே உடம்பை உடைத்துப் போடாதீர்கள். பக்கத்தில் வைக்கிற பலகையில் மூன்று வெற்றிகளை எழுதும் அதே எழுத்து அளவில் 1932-ஐயும், க்ளைவின் பெயரையும் எழுதுங்கள். அசல் கரைந்துபோயிருக்கலாம். வரவு செலவு முழுசாக இருந்தால் அந்தக் கணக்கை யாரும் பொய்க் கணக்கு என்று சொல்ல முடியாது.

நமக்கும் முப்பது கோடி ரூபாய் காருக்கும் என்ன சம்பந்தம் என்று இந்த நேரத்தில் நீங்கள் கேட்டால் அது நியாயம். கார் நம்மிடம் இல்லை. ஆனால் மீட்கும் வேலை எல்லார் வீட்டிலும் நடக்கிறது. மறைந்தவர்களின் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டும்போது எந்த வயதுப் போட்டோவை எடுக்கிறோம்? அப்பா தொழிலில் நொடித்துப்போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஐந்து வருடத்தைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறோமா, ஜீப்பில் சாய்ந்து நின்ற நாளை மட்டும் சொல்கிறோமா? அவருடைய நல்ல நாளைக் காட்டுவது மரியாதைதான். கெட்ட நாளில் அவரோடு இருந்தவர்கள், கடன் கொடுத்த மாமா, நகையைக் கழற்றித் தந்த அம்மா, அவர்களெல்லாம் அந்த ஒரு போட்டோவோடு சேர்ந்து காணாமல் போகிறார்களே, அவர்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

போட்டோவை மாற்ற வேண்டாம், அதுவே இருக்கட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மீதிக் கதையையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.